கட்டுரைக்கு முன் ஒரு பக்கக் கிறுக்கல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு நெருங்கினால் உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் மாதிரி வினாத்தாளும் விடையும் வரத் தொடங்கிவிடும். பிள்ளைகளுக்குப் பயன்தான். ஆனால் கட்டுரை வினாவுக்கு மட்டும் முழு விடையை அச்சிட வேண்டாமே என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான்.

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளில் கட்டுரைக்கு 8 மதிப்பெண். முன்னுரை முதல் முடிவுரை வரை குறிப்புகளை வினாவிலேயே வரிசையாகக் கொடுத்துவிடுவது வழக்கம். எதைச் சொல்வது, எதை முதலில் வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் வேலை வினாத்தாள் எடுத்தவரோடு முடிந்துவிடுகிறது. பிள்ளைக்கு மிச்சம் இருப்பது நிரப்புகிற வேலை. அதற்கும் கடையில் நோட்ஸ் கிடைக்கிறது. எந்தத் தலைப்பானாலும் தொடக்கத்தில் ஒரு குறள், கடைசியில் 'நாம் அனைவரும் உறுதியேற்போம்'. திருத்துகிறவர்களுக்கும் இது தெரியும். முன்னுரையைத் தாண்டித்தான் கண் நிற்கும்.

ஒருமுறை ஒன்பதாம் வகுப்பில் 'எங்கள் ஊர்ச் சந்தை' என்று தலைப்புக் கொடுத்தேன். 'சந்தை என்பது மக்கள் பொருள்களை வாங்கவும் விற்கவும் கூடும் இடமாகும்' என்றே பெரும்பாலான நோட்டுகள் தொடங்கின. எங்களுடையதோ மாட்டுச் சந்தைக்குப் பேர்போன மணப்பாறை! நோட்டை மூடச் சொல்லிவிட்டு, சந்தையில் பார்த்ததை ஆளுக்கொன்றாகச் சொல்லுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், "ஐயா, தரகர் வாயால விலை சொல்ல மாட்டாரு. துண்டைப் போட்டு மூடிக்கிட்டு விரலைப் புடிப்பாரு" என்றான். அவன் அப்பாவுக்கு மாட்டு வியாபாரம். எத்தனை விரல் பிடித்தால் என்ன விலை, ஏன் மூடிப் பேசுகிறார்கள் என்று வகுப்பே அவனைக் குடைந்தது. இன்னொரு பெண் பல் பார்த்து மாட்டின் வயதைச் சொல்வதைப் பற்றிச் சொன்னாள். எல்லாவற்றையும் தாறுமாறாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். எதில் தொடங்கலாம், எது வேண்டாம் என்று அவர்களே அடித்தார்கள், கோடிழுத்துச் சேர்த்தார்கள். துண்டுக்கடியில் தொடங்க வேண்டும் என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை. அன்று கட்டுரை எழுத நேரமே இல்லை. மறுநாள் எழுதினார்கள். பிழைகள் குறையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை.

இதை எல்லாத் தலைப்புக்கும் செய்யலாமே என்றால், கட்டுரை நோட்டு குறுக்கே நிற்கிறது. ஆய்வுக்கு வருகிற அலுவலர் புரட்டுவது அந்த நோட்டைத்தான். அதில் அடித்தல் திருத்தல் கூடாது. தலைப்புக்கு ஒரு மை, பத்திக்கு ஒரு மை. ஆகவே பலகையில் இருப்பதை அப்படியே பார்த்து எழுதச் சொல்வதே ஆசிரியருக்குப் பாதுகாப்பு. யோசித்ததற்கான தடயம் இருந்தால் அசுத்தம் என்கிறோம்.

நன்னூலில் பவணந்தியார் நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றங்களில் 'மற்றொன்று விரித்தல்', 'சென்றுதேய்ந் திறுதல்' இரண்டும் உண்டு. தலைப்பை விட்டு எங்கோ போவதும், ஆரவாரமாகத் தொடங்கிப் போகப்போக இளைத்துவிடுவதும் இன்றும் விடைத்தாளில் காண்பவையே. இவற்றைச் சிவப்பு மையால் சரிசெய்ய முடியாது. எழுத உட்காரும் முன்பே சரிசெய்திருக்க வேண்டும். பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படிக்கவென்றே தனியாக 10 நிமிடம் தருகிறார்கள். அதற்குள் மனத்திலேயே ஒரு கட்டுரையை அடுக்கிப் பார்த்துவிடலாம், பழகியிருந்தால்.

எனவே உங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு தலைப்பை மட்டும், குறிப்பு எதுவும் இல்லாமல் கொடுங்கள். பிள்ளைகள் கட்டுரை அனுப்ப வேண்டாம்; அதற்காகத் தாங்கள் போட்ட கிறுக்கல் தாளை, அடித்தது அடித்தபடியே அனுப்பட்டும். நல்லதாக இரண்டை அப்படியே படமாக வெளியிடுங்கள். முதல் தலைப்பாக 'எங்கள் ஊர்ப் பேருந்து நிலையம்' இருக்கலாம்.

இப்படிக்கு,
தமிழாசிரியர் (ஓய்வு),
மணப்பாறை