சுற்றளவுக் கணக்கில் கேட் அளவை எங்கே கழிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

2(நீளம் + அகலம்) என்ற சூத்திரத்தை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அதே பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்: 24 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலமுள்ள தோட்டம். நீளப் பக்கம் ஒன்று வீட்டுச் சுவரை ஒட்டியிருக்கிறது. மற்ற மூன்று பக்கமும் மூன்று வரிசை முள்கம்பி கட்ட வேண்டும். கேட்டுக்கு 2 மீட்டர் விட வேண்டும். கம்பி எவ்வளவு?

ஒரு பிள்ளை இரண்டு எண்ணையும் பெருக்கி 384 என்கும். இன்னொன்று கூட்டி, 40-ஐ மூன்றால் பெருக்கி 120 என்கும். சூத்திரத்தை அப்படியே போட்ட பிள்ளைக்கு 240 வரும். விவரம் புரிந்த பிள்ளைகூட மூன்று பக்கத்தையும் கூட்டி வந்த 56-ஐ மூன்றால் பெருக்கிவிட்டுக் கடைசியில் 2-ஐக் கழித்து 166 என்று எழுதும். கேட் மூன்று வரிசைக் கம்பியையும் அல்லவா தடுக்கிறது? முதலிலேயே கழித்தால் 54. மும்மடங்கு 162 மீட்டர்.

நான்கு தவறுக்கும் காரணம் வேறு வேறு. 384 எழுதிய பிள்ளைக்குப் பரப்பளவும் சுற்றளவும் பிரியவில்லை. 120 எழுதியது, படத்தில் அளவு குறிக்காத பக்கத்தைப் பக்கமாகவே எண்ணவில்லை. 240 சூத்திரப் பழக்கம். 166-இல் பிழை கணக்குப் போட்ட வரிசையில் மட்டுமே. அதற்கு முழு மதிப்பெண்ணையும் பிடுங்குவது அநியாயம். எல்லோரையும் சூத்திரத்தைப் பத்து முறை எழுதச் சொல்வதால் இதில் எதுவும் சரியாகாது.

'வேலி என்றால் சுற்றளவு, தரை என்றால் பரப்பளவு' என்று குறிச்சொல் பிடித்துக் கற்பிப்பதும் கெடுதல். 12 அடிக்கு 10 அடி அறையில் தரையோரமாகச் சுவரில் ஸ்கர்ட்டிங் ஒட்ட எத்தனை 2 அடி டைல் வேண்டும் என்று கேட்டால், 'தரை', 'டைல்' என்ற சொற்களைப் பார்த்ததும் பிள்ளை 120 என்று பெருக்கிவிடும். உண்மையில் சுற்றளவு 44 அடி, வாசல் 3 அடி போக 41. இரண்டால் வகுத்தால் இருபதரை. கடையில் அரை டைல் தரமாட்டார்கள், 21 வாங்க வேண்டும்.

செய்ய வேண்டியது எளிது. முதல் வாசிப்பில் எண்களை மறைத்துவிடுங்கள். கம்பி எங்கே தொடங்குகிறது, எந்த வழியாகப் போகிறது, எங்கே முடிகிறது என்று பிள்ளை படம் வரைந்து விரலை ஓட்டிக் காட்டட்டும். அந்த வழியைத் தடித்த கோடாக்கட்டும். பிறகு எண்களைத் திறந்து, அளவு தராத பக்கம் உட்பட ஒவ்வொரு பக்கத்திலும் எழுதட்டும். தடித்த கோட்டை மட்டும் கூட்ட வேண்டும். எத்தனை வரிசை, மீட்டருக்கு என்ன விலை என்பதெல்லாம் அதற்குப் பிறகு. இரண்டு வாரம் இப்படிச் செய்தபின் சூத்திரத்தைக் கொடுத்தால், அது எப்போது உதவாது என்பதும் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.

கல்தூண் கணக்குக்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டும். இதே தோட்டத்தை நான்கு பக்கமும் அடைத்து 4 மீட்டருக்கு ஒரு தூண் நட்டால் 80-ஐ 4-ஆல் வகுத்து 20. பக்கம் பக்கமாக எண்ணினால் 7, 5, 7, 5 என்று 24 வரும். மூலைத்தூண் நான்கும் இருமுறை எண்ணப்பட்டுவிட்டன. மூன்று பக்கம் மட்டும் என்றால், கேட்டை விட்டுவிட்டுப் பார்த்தாலும், இடைவெளி 14, தூண் 15. சுவரிலேயே கம்பியைக் கட்டிவிடலாம் என்றால் 13 போதும். எது சரி என்று வகுப்பே விவாதிக்கட்டும்.

அலகிலும் சறுக்கல் உண்டு. வீட்டில் அடி, அங்குலம், புத்தகத்தில் மீட்டர். 10 அடி 6 அங்குலத்தை 10.6 அடி என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். அது 10.5.

சுற்றளவும் பரப்பளவும் சேர்ந்தே கூடும், குறையும் என்ற எண்ணத்தை உடைக்க மனைக் கணக்கே போதும். 30க்கு 40 அடி மனையும் 20க்கு 60 அடி மனையும் அரை கிரவுண்டு, 1200 சதுர அடிதான். முதலாவதற்குக் காம்பவுண்டுச் சுவர் 140 அடி, அடுத்ததற்கு 160.

வினாத்தாள் தயாரிப்போருக்கு ஒரு வேண்டுகோள். ஐந்து மதிப்பெண் கணக்கில் ஒன்றைப் படத்துக்கும் ஒன்றை எந்தப் பக்கங்கள் சேரும் என்று குறித்ததற்கும் கொடுங்கள். எல்லாப் பக்கமும் சேராத கணக்கு ஒன்றாவது வேண்டும். கைப்பந்துத் (வாலிபால்) திடலே நல்ல கணக்கு: 18க்கு 9 மீட்டர் என்பதால் சுற்றளவு 54. ஆனால் அகலவாக்கில் போடும் நடுக்கோடும் அதன் இருபுறமும் வரும் இரு தாக்குதல் கோடுகளும் சேர்ந்தால் சுண்ணாம்புக் கோடு 81 மீட்டர் போட வேண்டும்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
நாமக்கல்