தொரட்டியை எடுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில் ஒருவர், தோட்டத்து மரத்தில் கூடு கட்டிய பறவை தன் வீட்டு நாயைக் கொத்த வருகிறது, கூட்டைக் கலைத்துவிடலாமா என்று கேட்டிருந்தார். தயவுசெய்து கலைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஜிம்மிக்கு ஆறு வயது. தோட்டத்து மாமரத்தடிதான் அவன் படுக்கை. போன வருடம் அந்த மரத்தின் கிளைக் கவட்டில் ஒரு ஜோடி கரிச்சான் கூடு வைத்தது. இரட்டைவால் குருவி என்றும் சொல்வார்கள். கீழே நின்று பார்த்தால் அடிப்பக்கம் வழியாக வெளிச்சம் தெரியும், அவ்வளவு மெல்லிய கூடு. அடைகாத்த நாட்களில் ஜிம்மியை அவை பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. குஞ்சு பொரித்த பிறகுதான் ஆரம்பித்தது. அவன் மரத்தடிக்கு வந்தால் போதும், கல்லை விட்டெறிந்த மாதிரி ஒன்று இறங்கி வரும். முதுகுக்கு ஒரு சாண் மேலே சட்டென்று திரும்பி ஏறிவிடும். இவன் காதை மடித்துக்கொண்டு, வாலை இடுக்கிக்கொண்டு, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவான். பார்க்கப் பாவமாக இருக்கும்.

பக்கத்து வீட்டில், தொரட்டியால் ஒரு இழுப்பு இழுத்தால் தீர்ந்தது என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை. ஆனால் வேறு எதுவும் செய்யவும் தெரியவில்லை. பறவையால் நாய்க்கு என்ன ஆகிவிடுமோ என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். நாயால் பறவைக்கு என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை.

ஒருநாள் காலையில் ஜிம்மி வாயில் எதையோ கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தான். குஞ்சு. அவன் கடிக்கவில்லை, மெதுவாகத்தான் கவ்வியிருக்கிறான். ஆனாலும் அது பிழைக்கவில்லை. தாயும் தகப்பனும் அன்று முழுக்க அதே இடத்தின் மேல் பறந்து பறந்து கத்தின. அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

அதற்கப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பல பறவைகளின் குஞ்சுகள் நன்றாகப் பறக்கப் பழகும் முன்பே கூட்டை விட்டு இறங்கிவிடும். சில நாள் தரையிலும் செடிக்குள்ளும்தான் இருக்கும். பெற்றோர் அங்கேயே வந்து இரை ஊட்டும். சண்டை உச்சத்துக்குப் போவதும் அந்த நாட்களில்தான்.

இந்த வருடமும் அதே மரத்தில் கூடு வந்தது. முட்டை அடைகாக்க ஏறத்தாழ 15 நாள், குஞ்சு வளர்ந்து இறங்க இரண்டரை வாரம், அதற்குமேல் சில நாள் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். ஜிம்மியின் படுக்கையையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் வீட்டின் மறுபக்கம் கொண்டுபோனேன். குஞ்சு பொரித்ததிலிருந்து வார் போடாமல் அவனைத் தோட்டத்தில் விடவில்லை.

ஒருநாள் மாலை இரண்டு கரிச்சானும் சேர்ந்து பாய்ந்தன. அதுவும் மரத்தடியில் இல்லை, செம்பருத்திச் செடி ஓரம். போன வருடமாக இருந்தால் அவற்றைத் துரத்தியிருப்பேன். இந்தத் தடவை வாரை இழுத்துப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். செடியின் தூரில், வால் ஒரு விரற்கடைகூட வளராத குஞ்சு, வாயோரம் இன்னும் மஞ்சள் மாறாமல், அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஜிம்மிக்கு வாசனை தெரிந்துவிட்டது, ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி நின்றான். அப்படியே அவனை உள்ளே கூட்டிப்போய்விட்டேன்.

அதனால் அந்த வாசகருக்குச் சொல்கிறேன்: பறவை திடீரென்று புது இடத்தில் பாய்ந்தால், முதலில் தரையைப் பாருங்கள். இறகு முளைத்த குஞ்சாக இருந்தால் வீட்டுக்குள் எடுத்துவர வேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். நாய் எட்டாத கிளையில் வைத்தால் போதும். இறகில்லாத குஞ்சென்றால் கூட்டிலேயே திருப்பி வைக்கலாம். மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காக்கை, பருந்தையே விரட்டுகிற பறவை கரிச்சான். அது காவல் இருக்கிற தைரியத்தில் மற்ற சிறு பறவைகளும் பக்கத்தில் கூடு வைக்கும். எங்கள் மரத்தின் கீழ்க்கிளையிலேயே ஒரு கொண்டைக்குருவி குஞ்சு பொரித்தது. அந்த ஒரு கூட்டைக் கலைத்தால் போவது ஒரு குடும்பம் மட்டுமல்ல.

தன் வீட்டில் கூடு வைத்தது எந்தப் பறவை என்று அவர் எழுதவில்லை. எதுவானாலும் நாயின் படுக்கையை இன்றைக்கே இடம் மாற்றிவிடட்டும். எங்கள் ஜிம்மி போன வாரம்தான் மாமரத்தடிக்குத் திரும்பினான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி