புத்தகத்துக்கு 2 வெள்ளி வேண்டாமே!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தோட்ட மண்டபங்களில் மாலை வாசிப்பு வகுப்பு நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். ‘ஒரு புத்தகம் முடித்தால் 2 வெள்ளி’ என்று முன்கூட்டியே அறிவிக்காதீர்கள். முதல் வாரம் கூட்டம் சேரும். பிறகு பிள்ளைகள் மெல்லிய புத்தகமாகத் தேடுவார்கள். வெள்ளி நின்றால் வாசிப்பும் நின்றுவிடும்.

1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், வரைவதில் ஆசையுள்ள மழலையரிடம் சான்றிதழ் தருவதாக முதலிலேயே சொல்லி வரையவைத்தார்கள். பின்னர் அந்தப் பிள்ளைகள் தாமாக வரைந்த நேரம் குறைந்தது. முன்கூட்டிச் சொல்லாமல் சான்றிதழ் பெற்ற பிள்ளைகளிடம் அந்தக் குறைவு இல்லை. கெடுப்பது பரிசு அல்ல, முன்பேரம்.

மேசையில் மூன்று புத்தகம் வையுங்கள். பிள்ளையே ஒன்றை எடுக்கட்டும். ஒரே பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் தடுக்கினால் புத்தகத்தை மாற்றுங்கள். வெறுமனே ‘கெட்டிக்காரி’ என்பதைவிட, ‘இன்று முற்றுப்புள்ளியில் நிறுத்தி வாசித்தாய்’ என்று சொல்லுங்கள். அடுத்த முறை எதைச் செய்வது என்று அதில் தெரிகிறது. கடைசிப் பத்து நிமிடம் இருவர் இருவராக வாசிக்கலாம்.

சுவரில் பெயர்ப்பட்டியல் மாட்டி நட்சத்திரம் ஒட்டுவதையும் தயவுசெய்து விடுங்கள். பின்தங்கிய பிள்ளைக்கு அது தினமும் தலைகுனிவு; வகுப்புக்கு முதலில் முழுக்குப் போடுவதும் அந்தப் பிள்ளைதான். ஒதுக்கிய வெள்ளியில் கூடுதலாகக் கதைப் புத்தகங்கள் வாங்கலாம்.

வாசிப்பு வகுப்பு ஆசிரியர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்