பூட்டிய வீடுகளும் ஒரு மச்சும்

ஆசிரியருக்கு வணக்கம்.

காரைக்குடி கல்லுக்கட்டி பக்கம் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, மச்சில் குடியிருக்கிறேன். சொந்த ஊர் அறந்தாங்கி. இங்கே ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை. முன்பு கடைச் சரக்கு போட்டு வைத்திருந்த இடத்தில் ஒரு பலகைத் தடுப்பு, மூலையில் ஒரு சிங்க், வெளியே ஒரு குளியலறை கட்டி 'ஒரு பெட்ரூம் வீடு' என்று விட்டிருக்கிறார்கள். வாடகை 5,500. ஊர் மாநகராட்சி ஆனது 2024-இல்தான். வாடகை அதற்கு முன்பே ஆகிவிட்டது.

இடத்தைக் குறை சொல்ல மாட்டேன். தேக்கு உத்திரம் ஒன்று நடுவில் தாழ்வாக ஓடுகிறது. வந்த முதல் வாரத்தில் மூன்று முறை நெற்றியை இடித்துக்கொண்டேன். அப்புறம் பழைய துண்டு ஒன்றை அதில் சுற்றிக் கட்டினேன். வருகிறவர்கள் ஏதாவது வேண்டுதலா என்று கேட்கிறார்கள். காலையில் கீழே அண்டா இறக்கினால் தரைப் பலகை வழியாக என் பாதத்துக்குத் தெரியும். ஆனால் இரவு பத்து மணிக்கும் தெருவில் ஆள் நடமாட்டம் உண்டு. தனியாக இருக்கும் பெண்ணுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

என் மனக்குறை வேறு. அட்வான்ஸ் பத்து மாத வாடகை, 55,000 ரூபாய். ரசீது கேட்டதற்கு, "ஏம்மா, நம்பிக்கை இல்லையா?" என்றார் கடைக்காரர், வீடும் அவருடையதுதான். கரன்ட்டுக்குக் கடை இணைப்பிலிருந்தே சப் மீட்டர், யூனிட் 12 ரூபாய். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாயிற்றே என்றேன். கடை இணைப்புக்கு அது கிடையாது என்றார். அது பொய்யில்லை. குடிவைத்த பிறகு வீட்டு இணைப்பு ஒன்று வாங்கியிருக்கலாமே என்பதுதான் என் கட்சி.

இங்கே வருவதற்கு முன் முத்துப்பட்டணத்தில் ஒரு பெரிய வீட்டில் போய்க் கேட்டேன். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டி ஒரே ஒரு ஆச்சி உட்கார்ந்திருந்தார். மேலே இரண்டு அறை சும்மா கிடந்தது. காபி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "விட்டா காலி பண்ண மாட்டாக ஆத்தா. இது பதினோரு பங்கு வீடு. நான் யாரைக் கேட்டுச் சாவி குடுக்க?"

அந்தப் பயம் 1960-ஆம் ஆண்டு வாடகைச் சட்டக் காலத்துப் பயம். அந்தச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கிறது. எத்தனை மாதத்துக்கு விட்டாலும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு விதமாகப் பேசி எழுதிக்கொண்டால் ஒழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. பதினோரு மாதம் என்று போட்டுவிட்டால் பதியவே வேண்டாம் என்று இங்கே இன்னும் நம்புகிறார்கள். எழுதிப் பதிந்தால் எனக்கு அட்வான்ஸுக்கு ஆதாரம். ஆச்சிக்கும் இன்ன தேதியில் காலி என்பதற்கு ஆதாரம். பங்காளிகள் பதினோரு பேரும் கையெழுத்துப் போடச் சம்மதிப்பார்களா என்பது அவர்கள் வீட்டு விவகாரம், அதில் நான் தலையிட முடியாது.

அதிகாரிகள் இதற்காகக் காரைக்குடியில் ஒருநாள் முகாம் போடட்டும். பத்திரம் எழுதுகிறவர்களையும் கூப்பிட வேண்டும், 'பதினோரு மாதம்' என்று எழுதிக் கொடுப்பது அவர்கள்தான்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். எங்கள் கடைக்காரரும் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார், காலையில் கல்லா மேல் விரித்து வைத்துப் படிப்பார். துண்டு கட்டிய உத்திரம் என்று வந்ததுமே கண்டுபிடித்துவிடுவார். பரவாயில்லை, அந்த வரியை மட்டும் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாடகைதாரர்,
காரைக்குடி.