ரூபேயின் கல் ரோடு

அன்பு மகள் மதிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. மாத்திரையை நிறுத்தக்கூடாது என்று நீ போனில் போட்ட சத்தம் வேலை செய்கிறது.

போன வாரம் பேசும்போது, வேலை மாறி வந்த ரூபே, பிரான்சின் வடக்கில் இருக்கிற அந்த ஊர், பிடிக்கவில்லை என்றாய். மூடிக் கிடக்கிற மில், ஓயாத தூறல், பார்க்க ஒன்றுமே இல்லை என்றாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. புதுச்சேரியில் சைக்கிள் கடை வைத்து உங்களை வளர்த்தவன் நான். உலகத்தில் ஒரே ஒரு ஊரைப் போய்ப் பார் என்று யாராவது சொன்னால் ரூபேயைத்தான் சொல்வேன், அங்கே வந்து முடிகிற பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்துக்காக. போனில் ஆரம்பித்தால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ பார்க்கிற அந்த மில்களில்தான் கதையே தொடங்குகிறது. தெயோதோர் வியேன், மொரிஸ் பெரெஸ் என்று இரண்டு நூற்பாலை முதலாளிகள். 1895இல் ஊரில் ஒரு சைக்கிள் பந்தய மைதானம் கட்டினார்கள். கட்டிய மைதானத்துக்குக் கூட்டம் வர வேண்டுமே! பாரிஸில் புறப்பட்டு இங்கே வந்து முடிகிற ஒரு பந்தயம் வைக்கலாம் என்று 'லெ வெலோ' என்ற விளையாட்டுப் பத்திரிகைக்கு எழுதினார்கள். அந்தக் காலத்தில் பெரிய பந்தயம் போர்தோ–பாரிஸ். அதற்குத் தயாராகிறவர்களுக்கு இந்த 280 கிலோமீட்டர் விளையாட்டு மாதிரி என்றார்கள். வழியைப் பார்த்து வர விக்தோர் பிரேயர் என்ற நிருபரைப் பத்திரிகை அனுப்பியது. அவர் வழியில் இருக்கிற அமியான் என்ற ஊரில் இருந்து சைக்கிளிலேயே வந்தார். மழை, கருங்கல் பாவிய ரோடு, குண்டும் குழியும். சாயங்காலம் ரூபே வந்து சேர்ந்தபோது உடம்பெல்லாம் சேறு, நிற்கத் தெம்பில்லை. இந்த யோசனையே ஆபத்து, விட்டுவிடுங்கள் என்று தந்தி கொடுக்கத்தான் இருந்தார். குளித்து, ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசிய பிறகு மனசு மாறிவிட்டது. அந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு நான் நன்றி சொல்கிறேன்.

1896 ஏப்ரலில் முதல் பந்தயம். ஜெயித்தது ஜெர்மன்காரர் யோசெஃப் ஃபிஷர். ஒன்பது மணி நேரத்துக்கு மேல் மிதித்தார். பரிசு 1000 பிராங்க். மூன்றாவதாக வந்தவர் மொரிஸ் கரேன். சின்ன வயதில் புகைபோக்கிக்குள் இறங்கிக் கரி சுரண்டியவர், அப்புறம் சகோதரர்களோடு உன் ரூபேயிலேயே சைக்கிள் கடை வைத்தவர். 1897, 1898 இரண்டு வருஷமும் அவர்தான் ஜெயித்தார். 1903இல் பிரான்ஸைச் சுற்றி வருகிற தூர் தெ ஃபிரான்ஸ் பந்தயம் தொடங்கியபோது அதன் முதல் வெற்றியாளரும் அவரே. கடைக்காரர்களில் இப்படி ஒருவர் இருந்தார் என்பதில் எனக்குப் பெரிய பெருமை.

பிறகு முதல் உலகப் போர். நான்கு வருஷம் பந்தயம் இல்லை. சண்டை நடந்ததே அந்த வட்டாரத்தில்தான். 1919இல் வழி பார்க்கப் போனவர்கள் கண்டது மொட்டை மரமும் குண்டுக் குழியும் இடிந்த ஊர்களும்தான். 'வடக்கின் நரகம்' என்ற பெயர் அப்போது வந்தது. இன்றைக்கு டிவியில் கல் ரோட்டைக் காட்டி அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். பெயர் கல்லுக்காக வந்ததில்லை, செத்த மண்ணுக்காக வந்தது. அந்த வருஷமே பந்தயத்தை நடத்தினார்கள், ஆன்ரி பெலிசியே ஜெயித்தார்.

இரண்டாம் போருக்குப் பிறகு வேறு தொல்லை. கல் ரோடு என்றால் பின்தங்கிய ஊர் என்று மேயர்களுக்கெல்லாம் கூச்சம். டிவியில் ஊர் அசிங்கமாகத் தெரியக்கூடாது என்று ஒவ்வொன்றாகத் தார் போட்டார்கள். 1965இல் பந்தய வழியில் மிஞ்சியது 22 கிலோமீட்டர் கல் ரோடுதான். ரோடு வழுவழுப்பானால் இது நூறு பந்தயங்களில் ஒன்றாகப் போய்விடும். பந்தயம் நடத்துகிறவர்கள் பழைய கல் பாதைகளைத் தேட ஆரம்பித்தார்கள். பாதை காட்டியவர் ஜான் ஸ்டாப்லின்ஸ்கி. போலந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம், பையனாகவே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர், பிறகு 1962இல் உலக சாம்பியன் ஆனார். ஆரன்பெர்க் காட்டுக்குள் ஒரு பாதை இருக்கிறது என்று அவர்தான் சொன்னார். அந்தக் காட்டுக்கு அடியில் சுரங்க வேலை செய்து, மேலே சைக்கிளும் ஓட்டியவன் நான் ஒருவன்தான் என்று பெருமையாகச் சொல்வாராம். 1968இல் அந்தப் பாதை முதல் தடவையாகச் சேர்ந்தது. பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் ஜெயித்த வருஷம்.

அந்தப் பாதையை நீ ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும் கண்ணு. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஒரே நேர்கோடு, இரண்டு பக்கமும் மரம். கற்கள் கவிழ்த்துப் போட்ட இட்லித் தட்டு போலப் புடைத்திருக்கும். இடுக்கெல்லாம் புல்லும் பாசியும். சமீப வருஷங்களில் அந்தப் புல்லை மேய ஆடுகளை விடுகிறார்கள். 1998இல் பெல்ஜியத்தின் யோஹான் மியூசேவ் இங்கேதான் விழுந்தார். முழங்கால் சில்லு நொறுங்கி, காயத்தில் கிருமி ஏறி, காலையே எடுக்க வேண்டிவரும் என்ற நிலை. 2000இல் அதே மனிதர் ஜெயித்தார். கோட்டைத் தாண்டும்போது பெடலிலிருந்து காலைத் தூக்கி, அந்த முழங்காலைக் கையால் காட்டினார். நானும் அம்மாவும் அதை டிவியில் பார்த்தோம். அம்மாவுக்குப் பந்தயத்தில் ஆர்வம் கிடையாது, அன்றைக்கு அவளும் எழுந்து நின்றுவிட்டாள்.

தார் போட்டு மூடத் துடித்த அதே ஊர்களில் இன்றைக்கு அந்தக் கற்களைக் காக்க ஒரு சங்கம் இருக்கிறது. பாரிஸ்–ரூபே நண்பர்கள் என்று பெயர். குளிர் நாட்களில் போய்ப் புதைந்த கல்லைத் தோண்டி எடுத்து, மண் நிரவி, மறுபடி பாவுகிறார்கள். பக்கத்துத் தோட்டக்கலைப் பள்ளி மாணவர்களும் கை கொடுக்கிறார்கள். ஜெயிக்கிறவருக்குக் கொடுப்பதும் பீடத்தில் பதித்த ஒரு கல்தான். தங்கக் கோப்பையை விட அது எவ்வளவோ மேல்.

தொழில்காரன் என்பதால் சக்கரத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கல் ரோட்டில் ஒவ்வொரு இடிக்கும் கீழ்ப்பக்கத்துக் கம்பி தளர்ந்து விறைக்கும். கம்பியை ரிம்மில் பிடிக்கிற நிப்பிள் கொஞ்சம் கொஞ்சமாகக் கழலும், ரிம் கோட்டம் விழும். அந்தக் காலத்து மெக்கானிக்குகள் கம்பியும் கம்பியும் குறுக்கே போகிற இடத்தில் மெல்லிய கம்பி சுற்றி ஈயம் வைத்துப் பற்றவைப்பார்கள். 1983இல் ஹாலந்தின் ஹென்னி கைப்பர் தனியாக முன்னால் வந்துகொண்டிருந்தார், முடிய இன்னும் சில கிலோமீட்டர். சக்கரம் நெளிந்துவிட்டது! டீம் கார் வரும்வரை ரோட்டோரத்தில் நின்று தவித்த தவிப்பு இருக்கிறதே, பார்க்கிற நமக்கு வயிறு கலங்கும். வேறு சைக்கிள் கிடைத்தது, ஏறி மிதித்து ஜெயித்தார். இரண்டாவதாக வந்தவர் கில்பேர் துக்ளோ-லசால். 1980இலும் அவருக்கு இரண்டாமிடம்தான். முன் ஃபோர்க்கில் ஷாக் அப்சார்பர் வைத்த சைக்கிளில் 1992இல் ஜெயித்தபோது வயது 37. அடுத்த வருஷமும் அவரேதான், இத்தாலியின் பல்லெரினியைச் சில சென்டிமீட்டரில் முந்தினார். தான்தான் ஜெயித்தோம் என்று பல்லெரினி கையைத் தூக்கிக் கொண்டாடிவிட்டார், பாவம். 1995இல் அவரும் ஜெயித்தது எனக்கு ஆறுதல்.

பெண்களுக்கு இந்தப் பந்தயத்தை 2021இல்தான் வைத்தார்கள். 125 வருஷம் கழித்து! மழையில் ஒரே சேறு. இங்கிலாந்தின் லிஸி டெய்க்னன் முதல் கல் பாதையிலேயே பிரிந்து, 80 கிலோமீட்டருக்கு மேல் தனியாக ஓட்டி ஜெயித்தார். கையுறை போடவில்லை, ஹேண்டில்பார் டேப்பெல்லாம் ரத்தம். அவருக்குக் கொடுத்த பரிசுப் பணம் 1,535 யூரோ, ஆண்களில் ஜெயித்தவருக்கு 30,000. மிச்சத்தை அவருடைய டீம்தான் ஈடுகட்டியது. கல்லெல்லாம் ஒரே கல்தானே? அந்தக் கணக்கு எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இனி நீ செய்ய வேண்டியது. ஊருக்குள்ளேயே கடைசிக் கல் பாதை இருக்கிறது, 300 மீட்டர்தான். 1912, 1914 இரண்டு வருஷமும் ஜெயித்த அந்த வட்டாரத்துக்காரர் ஷார்ல் க்ருப்லான் பெயரை வைத்திருக்கிறார்கள். ஜெயித்தவர்களின் பெயர்ப் பலகைகள் தரையில் பதித்திருக்கும், குனிந்து படி. அங்கிருந்து மைதானத்துக்குப் போ. இப்போது இருக்கிற மைதானத்தில் 1943இலிருந்து, 1986–88 மூன்று வருஷம் தவிர, பந்தயம் முடிகிறது. பக்கத்தில் புதிதாகக் கட்டிய கூரை மைதானத்துக்கு ஸ்டாப்லின்ஸ்கி பெயர். பழைய குளியலறையைக் காட்டச் சொல்லிக் கேள். இடுப்பு உயரச் சிமெண்ட் தடுப்புகள், ஒவ்வொன்றிலும் ஜெயித்த ஒருவரின் பெயர்த் தகடு. 1949க்கு இரண்டு பெயர் உண்டு. முன்னால் வந்த ஆந்த்ரே மாஏயை மைதான வாசலில் தவறான பக்கம் திருப்பிவிட்டார்கள். அந்தச் சண்டை மாதக்கணக்கில் நடந்து, கடைசியில் அவரும், பின்னால் வந்த கூட்டத்தில் முந்திய செர்ஸே கோப்பியும் சேர்ந்து வெற்றியாளர்கள் என்று தீர்த்தார்கள்.

ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தன்று மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆரன்பெர்க் போ. காலையிலேயே போனால்தான் இடம் கிடைக்கும். மழைக் கோட்டு, பழைய ஷூ, ஃபிளாஸ்கில் டீ எடுத்துக்கொள். பந்தயம் போனபிறகு டீம் மெக்கானிக் யாராவது நின்றால் பேச்சுக் கொடு. இப்போது 30, 32 மில்லிமீட்டர் அகல டயர் போடுகிறார்கள் என்று படித்தேன். நம் கடையில் 28 இஞ்ச் சக்கரத்துக்குப் போடுகிற டயரைவிட அதுவே ஒல்லி. அந்தக் கல்லில் எவ்வளவு காற்று அடிக்கிறார்கள், முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் வைக்கிறார்களா என்று கேட்டு எழுது. முடிந்தால் சக்கரத்தைக் கிட்டத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அம்மா ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், யார் வந்தாலும் கொடுத்துவிடுவாள்.

அன்புடன்,
அப்பா