அந்தக் கவசத்துக்கு ஹூக்கு எங்கடா?

டேய் தினேசு,

சாப்டியா. ஃபோன் பண்ணா எடுக்க மாட்டேங்கற, எடுத்தா மீட்டிங்ல இருக்கறன்மாங்கற, அதான் இதுலயே பெருசா டைப் பண்றேன். நடுவுல கஸ்டமர் வந்தா விட்டுட்டு அப்பால வந்து எழுதுவேன், கோர்வையா இருக்காது, ஆனா முழுசா படி. ஓகேம்மான்னு ஒரு கட்டை விரல அனுப்பிட்டு போயிடாத.

மொதல்லயே சொல்லிடறேன், நான் கல்யாணப் பேச்ச எடுக்கல. குடியாத்தம் விஷயத்த பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். நைனாவும் கேக்க மாட்டாரு. பயப்படாம படி.

நீ வேலை செஞ்ச கேம்ம பவி டிவில போட்டு காட்டினா. கடைசில பேருங்க ஓடுதே, எத்தினி பேருடா, பொடி பொடியா போய்கினே இருக்குது, ஒன் பேரு வந்த எடத்துல பவி நிறுத்தினா, நான் ஃபோட்டோ எடுத்துகினேன். எதிர் வீட்டு சித்ராக்காவுக்கு காட்டினேன், ரேஷன் கடையில காட்டினேன், பிளவுஸ் குடுக்க வந்தவங்க எல்லாருக்கும் காட்டினேன். சத்துவாச்சாரில ஒரு டெய்லர் பையன் பேரு வெளிநாட்டு கேம்ல வருதுன்னா சும்மாவா. நைனா ஒண்ணும் சொல்லல, ஆனா அந்த ஃபோட்டோவ அவரு ஃபோனுக்கு அனுப்ப சொல்லி வாங்கிகினாரு.

அப்புறம் நீ செஞ்ச அந்த சண்டைக்காரிய லேப்டாப்புல சுத்தி சுத்தி காட்டினா. மொகம் சூப்பர்டா. நெத்தியில பூனை முடி, ஒதட்டுல வெடிப்பு, நகத்துல அழுக்கு கூட வெச்சிருக்க. கழுத்துக்கு கீழ வந்தா தான் எனக்கு ஒண்ணும் புரியல. போருக்கு போறவ. கழுத்துக்கு கவசம் கெடயாது, வயித்துக்கு கெடயாது, தொடைக்கு கெடயாது, நெஞ்சுக்கு மட்டும் ரெண்டு இரும்புக் கிண்ணம். சரி அதுவாவது இருக்கட்டும், அத்த அவ எப்பிடி போட்டுகினா? முன்னாடி ஹூக்கு இல்ல, முதுகுல இல்ல, சைடுல ஜிப்பு இல்ல, தோள்ல பட்டி இல்ல. கைக்குழின்னு ஒண்ணு வெட்டவே இல்ல, கையத் தூக்கி கத்திய ஓங்கினா அக்குள்ல இரும்பு குத்தி கிழிச்சிடும். கிண்ணம் கிண்ணமா நடுவுல பள்ளம் வெச்சா எதிராளி கத்தி எங்க பட்டாலும் வழுக்கிகினு நேரா நடுநெஞ்சுக்கு தான் வரும், இது யோசிக்க படிப்பு வேணுமா.

அன்னிக்கு இத்த கேட்டதுக்கு நீ சிரிச்ச. அது ஒடம்போட ஒட்டியிருக்கும்மா, உள்ள எலும்பு மாதிரி ரிக் இருக்கும், ஒடம்பு வளையறப்போ கவசமும் சேந்து வளையும், கீழ விழாதுன்ன. இரும்பு வளையுதாடா? அதோட ட்ராயிங் கிளையன்ட் அனுப்பறது, நான் த்ரீடி பண்றது மட்டுந்தான்னு சொன்ன. அது எனக்கும் தெரியும், கழுத்து இம்மாம் எறக்கமா வேணும்னு கஸ்டமர் கேட்டா நானும் தெச்சி குடுக்கறேன். ஆனா எங்கிட்ட கேக்கறவ அத்த போட்டுக்கப் போறவ. அந்த இரும்ப போட்டுகினு நிக்கறவ கிட்ட யாரும் அளவே எடுக்கல, பாக்கறவன் கண்ணுக்குத் தான் அளவு எடுத்திருக்காங்க.

லூசான துணி ஆட்றா மாதிரி செய்யணும்னா வேலை ஜாஸ்தி, செலவு ஜாஸ்தி, அதான் ஒட்டினா மாதிரி வெப்பாங்கன்னும் சொன்ன. நானும் நம்பிட்டேன். ஆனா அந்த அசாசின்ஸ் கிரீட் கேம்ல ஒருத்தன் கூரை கூரையா தாவுறானே, அவன் அங்கியில எத்தினி முழம் துணி, பின்னாடி வால் வாலா பறக்குது, அதுக்கு மட்டும் செலவு இல்லியா? பவி இன்னொண்ணு சொன்னா, 2014ல அதே கம்பெனி யூனிட்டின்னு ஒரு கேம் விட்டப்போ, சேந்து ஆடறதுல பொண்ணு கேரக்டரே இல்லியேன்னு கேட்டதுக்கு, பொண்ண வெச்சா அனிமேஷன் வேலை டபுள் ஆவுதுன்னாங்களாம். அங்க முன்னாடி வேலை பாத்த அனிமேட்டர் ஒருத்தரே, அது ஒரு நாள் ரெண்டு நாள் வேலைதான்னு போட்டு ஒடச்சிட்டாராம். நல்ல மனுஷன்.

நான் ஒண்ணும் தெரியாம பேசறேன்னு நெனைக்காத. ஒன் ரூம்ல வருஷக்கணக்கா செவுத்துல இருந்தது லாரா கிராஃப்ட் தானே, ரெண்டு கையில துப்பாக்கி, குட்டி டவுசர். தெனம் கூட்டறப்போ பாப்பேன். கொகையில பூந்து போறவ எவளாவது டவுசர் போட்டுகினு போவாளா, முட்டி தோலே இருக்காது. 1996ல வந்த கேமாம் அது, 2001ல ஏஞ்சலினா ஜோலி படமா வந்து சன் டிவிலயோ எதுலயோ பாத்தோம். 2013ல திரும்ப புதுசா எடுத்தப்போ முழு பேண்ட்டு போட்டு, மேலெல்லாம் சேறும் ரத்தமுமா காட்டினாங்கன்னு நீ தான் காட்டின. அத்த பாத்ததும் நான் இன்னா சொன்னேன், இப்ப தான் இவ வேலைக்கு போறா மாதிரி இருக்குறான்னு சொன்னேன். ஞாபகம் இருக்குதா. ஹொரைசன்னு ஒண்ணு, செம்பட்டை முடிக்காரி, 2017, அதுலயும் தோலு, மணி, கயிறுன்னு அடுக்கடுக்கா கட்டி முடிச்சு தெரியும். அந்த முடிச்ச நான் அவுத்து திரும்ப கட்டுவேன், அவ்ளோ சரியா இருக்கும். செய்ய தெரியாம இல்லடா அவங்களுக்கு.

நீ காலேஜ்ல இருக்கறப்போ சிரிச்சிகினே சொன்னியே ஒண்ணு, அது இன்னும் என் மனசுல கீது. 1986ல மெட்ராய்டுன்னு ஒரு கேம், தலையிலேர்ந்து கால் வரைக்கும் கவசம் போட்டவன் சண்டை போடறான், கடைசில பாத்தா அது பொண்ணாம். நான் கூட அட பரவால்லியேன்னு கேட்டுகினு இருந்தேன். அப்புறம் சொன்ன, ஒரு மணி நேரத்துக்குள்ள முடிச்சா அவள பிகினியில காட்டுவாங்களாம், அது பரிசாம். ஊரையே காப்பாத்தினவ. அவளுக்கு இன்னாடா பரிசு? அத்த யாரும் கேக்கல.

சினிமா மட்டும் ஒழுங்கான்னு கேப்ப. இல்ல. ஜுராசிக் வேர்ல்டுக்கு நீ தான் எங்கள கூட்டிகினு போன, 2015ல, அந்தம்மா ஹீல்ஸ் போட்டுகினே டைனோசருக்கு முன்னாடி படம் பூரா ஓடுறாங்க. நைனாவுக்கு டைனோசர் புடிச்சிது, எனக்கு அந்த செருப்பு மேலயே கண்ணு. ராணிப்பேட்டை ஷூ கம்பெனில அப்பர் தெச்சவ நான், ஹீல்ஸ் எதுக்கு செய்யறாங்கன்னு தெரியும், கார்பெட்ல நாலு அடி வெச்சு கார்ல ஏறதுக்கு. சேத்துல ஓடினா ஹீலு மண்ணுல எறங்கி கணுக்கால் திரும்பிடும், டைனோசர் வர வரைக்கும் தேவையே இல்ல. 2017ல வொண்டர் வுமன் படத்துல, பொம்பளைங்க மட்டுமே இருக்கற அந்தத் தீவு சண்டைக்காரிங்களுக்கு தோல் கவசம் நல்லா நெஞ்சு, வயிறு மூடி இருந்துச்சு, அந்தப் படம் எடுத்தது ஒரு பொம்பள டைரக்டர். அதே வருஷம் ஜஸ்டிஸ் லீக்ல அதே தீவு, அதே பொம்பளைங்க, சில பேருக்கு வயிறு தொறந்து கெடக்குது. ஆறு மாசத்துல தீவுல தோலுக்கு பஞ்சம் வந்துடுச்சா, ஆம்பூர்லேர்ந்து அனுப்பியிருப்போமே.

நம்ம பக்கம் வைஜெயந்தி ஐ.பி.எஸ். வந்துச்சு, 1990ல தெலுங்குல எடுத்த படம், நான் கல்யாணம் ஆன புதுசு. விஜயசாந்தி காக்கி சட்டை, பெல்ட்டு, பூட்ஸ். அதுல நடிச்சதுக்கு அவங்களுக்கு நேஷனல் அவார்டு குடுத்தாங்க. தியேட்டர்ல பொம்பளைங்க விசில் அடிச்சு நான் மொத தடவை அப்பதான் கேட்டேன். அப்புறம் விக்ரம்ல அந்த வேலைக்காரம்மா, ஏஜென்ட் டீனா, 2022. கொஞ்ச நேரந்தான் வராங்க, அதுக்குள்ள சாவடிச்சிட்டாங்க, ஆனா வெளிய வந்து எல்லாரும் அவங்கள பத்தி தான் பேசினாங்க. நடுவுல வந்த படங்கள்ல பாதியில பொண்டாட்டிய வில்லன் கொல்லுவான், ஹீரோவுக்கு கோவம் வரணும்ல. அவ செத்தா தான் கதையே நகரும். அவளுக்கு வேற வேலை இல்ல.

எங்க ஊர்ல, திருவண்ணாமலை ஜில்லா சேத்துப்பட்டு பக்கம், திரௌபதி அம்மனுக்கு அக்னி வசந்தம்னு திருவிழா போட்டு பாரதக் கூத்து நடக்கும். பாஞ்சாலி வேஷம் கட்டறது ஆம்பள தான். துகில் அன்னிக்கு ராத்திரி, துச்சாதனன் வேஷக்காரர் பொடவைய புடிக்கறதுக்கு முன்னாடி கற்பூரம் ஏத்தி பாஞ்சாலிய கும்பிட்டுட்டு தான் கைய வெப்பாரு. விடிய விடிய அவ்ளோ ஜனம், சாராயம் குடிச்சவன் கூட இருப்பான், அந்த நேரத்துல ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான். படுகளத்துல அவ கூந்தல் முடியற வரைக்கும் எங்க ஆயா சோறு திங்க மாட்டாங்க. அதுவும் ஆம்பளைங்க எழுதி ஆம்பளைங்க ஆடறது தான். ஆனா யாரும் அவ இடுப்ப பாக்கல.

பாத்தியா, எங்கியோ போயிட்டேன். சாப்பாடு ஒழுங்கா சாப்பிடு. ராத்திரி கண்ணு முழிக்காத. நைனாவுக்கு சுகர் பரவால்ல. பவிக்கு செமஸ்டர் முடிஞ்சிது. மொளகாத்தூள் அரைச்சு வெச்சிருக்கேன்.

ஒண்ணு சொல்லணும். சொல்லக் கூடாதுன்னு தான் இவ்ளோ நேரம் சுத்தினேன்.

குடியாத்தம் பொண்ணு ஃபோட்டோவ நான் அனுப்பினேன். பி.எட். முடிச்சு டீச்சரா இருக்குது. நீ ரெண்டு விரலால பெருசு பண்ணி பாத்துட்டு இன்னா சொன்ன? ப்ரப்போர்ஷன் சரியில்லம்மான்ன. புடிக்கல வேணாம்னு சொல்லியிருந்தா எனக்கு ஒண்ணுமே இல்ல. சத்தியமா இல்ல. ஒன் வேலைல மாடல சொல்றா மாதிரி சொன்னியே, அது தான் எனக்கு தூக்கம் வரல.

டேய், எனக்கு தெரிஞ்சு ரெண்டு தோளும் ஒரே ஒசரமா ஒரு பொம்பளைய நான் இது வரைக்கும் அளந்தது இல்ல. தண்ணிக் கொடம் தூக்கின பக்கம் எறங்கியிருக்கும், புள்ளைய தூக்கின பக்க இடுப்பு தள்ளியிருக்கும், வலது கை சுத்தளவு இடது கைய விட அரை இஞ்சு ஜாஸ்தி. காலேஜ் பொண்ணுங்களுக்கே பேக் மாட்டற தோளு வேற. ரெண்டு கைக்கும் தனித்தனியா வெட்டினா தான் பிளவுஸ் ஒக்காரும். நீ பாதி ஒடம்ப செஞ்சிட்டு மிரர் போட்டா மீதி தானா வந்துடும்னு எனக்கு காட்டின. வேலைக்கு அது சரி. தெனம் பத்து மணி நேரம் அத்தயே பாத்துகினு இருக்கறவனுக்கு நெசமான தோளு எல்லாம் தப்பா தெரிய ஆரம்பிச்சிடுமோன்னு தான் பயமா இருக்குது. எனக்கு அந்த ஒரு பயந்தான்டா.

வெளியூர்க்காரங்க வேலூர கிண்டல் பண்ணுவாங்களே, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, அழகில்லாத பொண்ணுங்கன்னு. 1981ல ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள்ள வந்துட்டாரு. 2021ல பாலாறு கரைபொரண்டு ஓடினத நீயே வந்து பாலத்துல நின்னு வீடியோ எடுத்த. அந்த மூணாவது மட்டும் இன்னும் சொல்லிகினு திரியறானுங்க. நீயும் சின்ன வயசுல எவனோ சொன்னான்னு வீட்ல வந்து சொல்லி எங்கிட்ட அடி வாங்கின.

பொண்ணு பாக்கறது மட்டும் ஒசத்தின்னு நான் சொல்லல. என்ன பாக்க வந்தப்போ ஒங்க அப்பாயி என்ன அந்தக் கோடிலேர்ந்து இந்தக் கோடி வரைக்கும் நடக்க சொன்னாங்க, கால் நொண்டுதான்னு பாக்க. தலைய குனிஞ்சிகினு நடந்தேன், நைனா மொகத்தயே பாக்கல. அது போதும், எனக்கு நடந்தது அந்தப் பொண்ணுக்கு வேணாம். காபி தட்டு, பஜ்ஜி, ஊரே ஒக்காந்து பாக்கறது எதுவும் வேணாம். நீ வா, கோட்டைக்குள்ள எங்கியாவது ரெண்டு பேரும் ஒக்காந்து பேசுங்க, அது ஒன்ன வேணாம்னு கூட சொல்லலாம், டீச்சர் பொண்ணு, இன்னா இந்தாளு ஒடம்பே சரியில்லன்னு சொன்னா நீ இன்னா பண்ணுவ, ஒன் தொப்பைய நானும் பாத்தேன் பொங்கலுக்கு. பேசிட்டு வந்து புடிக்கலன்னு சொல்லு, ஒத்துக்கறேன். பெங்களூர்ல வேற யாராவது இருந்தாலும் சொல்லுடா. யாரா இருந்தாலும் சொல்லு. நைனா கிட்ட நான் பேசிக்கறேன்.

அந்த சண்டைக்காரிக்கு நான் நியூஸ் பேப்பர்ல ஒரு கவசம் வெட்டி வெச்சிருக்கேன். முன் பாகம், முதுகு பாகம் ரெண்டு தகடு, சைடுல தோல் வாரும் பக்குளும், கைக்குழி நல்லா தாராளமா, கழுத்துக்கு தனியா காலர், வயித்துக்கு மடிப்பு மடிப்பா பட்டை, குனிஞ்சா நிமுந்தா ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். பவிக்கு போட்டுப் பாத்தேன், கைய ஓங்குறா, எங்கியும் புடிக்கல. ஃபோட்டோ அனுப்பறேன், கிளையன்ட்டு வேணாம்னு சொன்னா போவட்டும், நீ ஒனக்குன்னு ஒண்ணு செஞ்சு பாரு.

குடியாத்தம் காரங்களுக்கு நான் இன்னும் பதில் சொல்லல. தரகர் நேத்தும் கேட்டாரு, பையனுக்கு வேலை ஜாஸ்தின்னு சமாளிச்சேன். இந்த வாரம் சொல்லியாவணும். இன்னா சொல்லட்டும்? டைப் பண்ணாத, ஃபோன் பண்ணி சொல்லு. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல கடையில யாரும் இருக்க மாட்டாங்க.

அம்மா