கழுத்து ஸ்கேன் ரிப்போர்ட்டில் மூச்சுப்பாதையின் குறுகலான இடத்தின் அளவையும் எழுதுங்கள்

சேலத்தில் ஸ்கேன் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர்களுக்கும், மயக்க மருந்து டாக்டர்களுக்கும், காது மூக்கு தொண்டை டாக்டர்களுக்கும் வணக்கம்.

ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். அம்மாவுக்குப் பல வருடமாகக் கழுத்தில் கழலை, அதாவது தைராய்டு வீக்கம். வலி இல்லாததால் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டார். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று ஆன பிறகுதான் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிக் கீழே அழைத்து வந்தோம்.

சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் மூச்சுக்குழாயைப் பற்றி ஒரே வரி: கழலை அதை வலப்பக்கம் தள்ளி, லேசாக நெருக்குகிறது. லேசாக என்றால் எவ்வளவு? கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆபரேஷனுக்கு முன் வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்கள். மயக்கத்தில் மூச்சுவிடக் குழாய் இறக்குவது சுலபமா என்று கணிக்க, 1985இல் வெளியான மல்லம்பட்டி முறை அது. அம்மாவுக்கு அதில் முதல் வகுப்பு, சுலபமான தொண்டை. நாக்குக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரிவதைத்தான் அது சொல்லும். குரல்வளைக்குக் கீழே இருப்பதை அது எப்படிக் காட்டும்?

மயக்கம் கொடுத்த பிறகு, மூச்சுவிட வாய்வழியாக இறக்கிய 7ஆம் எண் குழாய் குரல்நாண்களைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது. மறுபடி முயன்றார்கள். ஆக்சிஜன் இறங்கியது. ஆபரேஷனை நிறுத்தி அம்மாவை எழுப்பி வெளியே கொண்டுவந்தபோது உதடு கிழிந்திருந்தது. இரண்டு நாள் சைகையில்தான் பேசினார்.

அப்புறம் வேறோர் இடத்தில் ஒரு டாக்டர் அதே பழைய சி.டி.யைக் கம்ப்யூட்டரில் திறந்தார். துண்டு துண்டாக இருந்த படங்களைச் சேர்த்து, காற்று போகும் வழியை மட்டும் முப்பரிமாணத்தில் தனியாக எடுத்தார். திரையில் நீலமாக ஒரு குழாய் சுழன்றது. நாக்கின் அடியில் அகலம், குரல்வளையில் குறுகல், அதற்குக் கீழே உருண்டையாக வந்து, சட்டென்று புளியங்கொட்டை மாதிரி தட்டையாகிவிட்டது. அந்த இடத்தில் மவுஸை வைத்து ஒரு கோடு இழுத்தார்: 8 மில்லிமீட்டர். குழாயின் 7 என்பது உள்விட்டம்தான், வெளிவிட்டம் 9 மில்லிமீட்டருக்கு மேல் வரும் என்றார். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. அந்த 8 முதல் நாளிலிருந்தே அந்த சி.டி.க்குள் இருந்திருக்கிறது. கடைசியில் தொண்டை மரத்துப்போக மருந்து அடித்து, அம்மா விழித்திருக்கும்போதே கேமரா வழியாகப் பார்த்துப் பார்த்து 5.5ஆம் எண் குழாயை இறக்கினார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

அளப்பதிலும் ஒரு சூட்சுமம் இருப்பது அன்றுதான் புரிந்தது. முருங்கைக்காயைச் சாய்வாக நறுக்கினால் வெட்டுவாய் பெரிதாகத் தெரியும். ஸ்கேன் துண்டுகள் உடம்புக்குக் குறுக்கே நேராக வெட்டப்பட்டவை. கழலை தள்ளிய மூச்சுக்குழாயோ சாய்ந்து போகிறது. அந்தத் துண்டில் அப்படியே அளந்தால் இருப்பதைவிட அகலமாகக் காட்டும். முப்பரிமாணப் படத்தில்தான் குழாய் போகும் திசைக்குச் செங்குத்தாக வெட்டி அளக்க முடியும். இது சின்ன வித்தியாசமில்லை. சீராகக் காற்று ஓடும் குழாயில் ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகிவிடும்.

ஆகவே, கழலைக்கோ கழுத்துக் கட்டிக்கோ ஏற்கெனவே எடுத்த சி.டி.யில், மூச்சுப்பாதையின் மிகக் குறுகலான இடம் எத்தனை மில்லிமீட்டர், குரல்நாண்களிலிருந்து எவ்வளவு கீழே என்பதை ரிப்போர்ட்டில் எழுதுங்கள். எல்லோருக்கும் புதிதாக ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை. கதிர்வீச்சு சும்மா வாங்கிக்கொள்ளும் பொருளல்ல.

குறட்டைக்காகவும் தாடைக்காகவும் மேல் தொண்டையை அளப்பவர்கள் இன்னொன்றையும் சேர்த்து எழுத வேண்டும். அங்கே இருப்பது சதை. படுத்தால் நாக்கு பின்னால் சரிகிறது, விழுங்கினால் குரல்வளை மேலேறுகிறது. பல் மருத்துவமனையில் உட்காரவைத்து எடுத்த படமும் இங்கே படுக்கவைத்து எடுத்த சி.டி.யும் ஒரே ஆளுக்கே வேறு வேறு எண் தரும். எந்த நிலையில், மூச்சை எப்படி வைத்திருந்தபோது எடுத்தது என்று குறித்தால்தான் அடுத்த டாக்டருக்கு அந்த எண் உதவும்.

சித்திக்கும் இப்போது கழலை பெரிதாகிக்கொண்டு வருகிறது. அடுத்த மாதம் ஸ்கேனுக்குக் கீழே அழைத்து வருகிறேன். இந்த முறை எத்தனை மில்லிமீட்டர் என்று நானே கேட்பேன். கேட்கத் தெரியாமல் மலையிலிருந்து வருகிறவர்களுக்கு நீங்களாகவே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஏற்காட்டிலிருந்து ஒரு மகள்